பிஸ்டல் ஸ்குவாட்: நெடுநாள் பழகியதில் தெரிந்தவை

ஒரு காலை முன்னால் நீட்டிக்கொண்டு இன்னொரு காலில் முழுதாகக் குந்தி எழுவதுதான் பிஸ்டல் ஸ்குவாட். நூறு பஸ்கி அசராமல் போடுகிறவர்கூட முதல் தடவை பின்பக்கம் சாய்ந்து விழுவார். தொடையில் வலு போதவில்லை என்று நினைத்து இன்னும் நூறு பஸ்கி போடுவார். பெரும்பாலும் கோளாறு தொடையில் இல்லை, கணுக்காலில் இருக்கிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. பெருவிரல் நுனி சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும்படி பாதத்தை வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடியவில்லை என்றால், அடியில் இறங்கும்போது முழங்கால் முன்னே போக வழியில்லாமல் உடல் எடை குதிகாலுக்குப் பின்னால் போய்விடும். எவ்வளவு வலு இருந்தும் பயனில்லை. முழங்கால் விரல்களைத் தாண்டக் கூடாது என்பார்கள். இந்தப் பயிற்சியில் தாண்டியே ஆக வேண்டும். அன்றாடம் குந்தி உட்கார்ந்து பழகியவர்களுக்குக் கணுக்காலின் இந்த வளைவு பெரும்பாலும் கைவசம் இருக்கும். மற்றவர்கள் குதிகாலுக்கடியில் 2 செ.மீ. பலகை வைத்துத் தொடங்கலாம். கூடவே கணுக்காலையும் தினம் வளைத்துப் பழக வேண்டும். இல்லாவிட்டால் பலகையை எடுக்கும் நாளே வராது.

அடுத்தது நாற்காலி. சுமார் 45 செ.மீ. உயர நாற்காலியில் ஒற்றைக்காலால் மெதுவாக, நான்கு நொடி எடுத்து உட்கார்ந்து எழ வேண்டும். கடைசி நான்கு விரற்கடை உயரத்தில்தான் எல்லாரும் பொத்தென்று விழுகிறார்கள். அந்த இடத்தில் முழங்காலைக் கவனியுங்கள்: லேசாக நடுங்கி உள்பக்கம் சரியும், பாதத்தின் வளைவு தட்டையாகும், சுண்டுவிரல் பக்கம் தரையை விட்டு எழும்பும். பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் மூன்றும் ஊன்றியிருக்க, முழங்கால் இரண்டாம் விரலின் திசையிலேயே போக வேண்டும். வெறுங்காலில் செய்வதே நல்லது. டைல்ஸ் தரையில் சாக்ஸ் வழுக்கும். மெத்தென்ற ரன்னிங் ஷூவில் பாதம் ஆடும்.

ஐந்து முறை சுத்தமாக வந்த பிறகு 30 செ.மீ. ஸ்டூல், பிறகு அதைவிடத் தணிவான மணை. மணையை எடுத்துவிட்டுச் செய்யும்போது 2 முதல் 5 கிலோ எடையைக் கையில் பிடித்து, இறங்க இறங்க முன்னால் நீட்டுங்கள். எடை கூடினால் கடினமாகும் என்றுதான் தோன்றும். ஆனால் அது உடலின் பாரத்தை முன்னுக்கு இழுப்பதால் சமநிலை எளிதாகிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துச் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். கம்பி இருந்தால் கைதான் பாதி வேலையைச் செய்கிறது.

நீட்டிய காலின் முன்தொடை இழுத்துப் பிடிப்பது அடுத்த தொல்லை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு இருபுறமும் கையை ஊன்றி, காலை மடக்காமல் ஐந்து நொடி தூக்கிப் பிடிக்கப் பழகினால் சில வாரங்களில் அடங்கும்.

அடிமட்டத்தில் துள்ளி எழுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த உதறல் முழுக்க முழங்காலில் இறங்கும். ஒரு நொடி நின்று எழுங்கள். அங்கே முதுகு கொஞ்சம் வளையத்தான் செய்யும். வெறும் உடல் எடையில் அது பயப்படும் விஷயமில்லை.

வாரம் இரண்டு, மூன்று நாள், காலுக்கு 3 முதல் 5 முறை, மூன்று சுற்று போதும். வலு குறைந்த காலில் தொடங்கி, மற்றதையும் அதே எண்ணிக்கையோடு நிறுத்துங்கள். தசை வேகமாக வலுக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் நிதானமாகத்தான் தேறும். மறுநாள் காலை படி இறங்கும்போது முழங்கால் சில்லுக்குக் கீழே வலித்தால் மறுபடி உயரமான ஸ்டூலுக்குப் போங்கள். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதில் ஒரு குறையும் உண்டு: பின்தொடைக்கு வேலை குறைவு. மல்லாந்து படுத்து, குதிகால்களை நாற்காலியில் ஊன்றி இடுப்பைத் தூக்கும் பயிற்சியை அதே நாளில் மூன்று சுற்று சேர்த்துக்கொள்ளுங்கள்.