ரிடெய்னரோடு ஐந்து வருடம்: மூன்று தலைமுறைப் பற்களில் நான் கண்டது

பல் வரிசையைச் சரிசெய்யும் சிகிச்சை எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. முதல் முறை 1991-இல், 14 வயதில். இரண்டாவது முறை 2019-இல். முதல் முறை கிளிப் கழற்றிய அன்று ஒரு சின்னத் தகடைக் கையில் கொடுத்து, "ஒரு வருஷம் போட்டுக்கோம்மா" என்றார்கள். சொன்னபடி ஒரு வருடம் போட்டேன், பிறகு எடுத்து வைத்துவிட்டேன். 25 வயதில் கீழ்வரிசை முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியது. 35 வயதில் பக்கத்துப் பல்மேல் ஏறி நின்றது. 40 வயதில் அந்த இடுக்கில் நூல்கூட நுழையவில்லை.

எனக்குப் போட்ட அலைனர் (பல்லை நகர்த்தும், கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தட்டுகள்), மகளுக்குப் போட்ட கம்பி, அப்பாவின் பல்செட் எல்லாவற்றையும் ஏழெட்டு வருடங்களாக எங்கள் வீட்டில் பார்த்து வருகிறோம். எது நல்லது, எது படுத்தியது என்று எழுத உட்கார்ந்தால், பேச்சு திரும்பத் திரும்ப ரிடெய்னரிடமே, அதாவது சிகிச்சை முடிந்த பிறகு பற்களை அதே இடத்தில் பிடித்து வைக்கும் சாதனத்திடமே, வந்து நிற்கிறது.

2018 கடைசியில் மருத்துவரைப் பார்க்கப் போனபோது, உடனே அச்சு எடுத்து வேலையை ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் எடுத்தது நுனியில் மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் அதை மெதுவாக விட்டு, உதவியாளரிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு. கடைவாய்க்கு வந்ததும் ஐந்து. 3 மி.மீ. வரை இருந்தால் நல்ல ஈறு. ஐந்து என்றால் ஈறு பல்லை விட்டுப் பிரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். "ஈறு வீங்கி இருக்கும்போது பல்லை நகர்த்தினா எலும்பு இறங்கிடும்மா. முதல்ல இதைச் சரிபண்ணுவோம்" என்றார். பற்காரையை வேர்வரை சுத்தம் செய்து, மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து, எண்கள் இறங்கிய பிறகுதான் அலைனர் பேச்சையே எடுத்தார். அன்றைக்கு எனக்கு இது வீண் தாமதமாகத் தெரிந்தது. இப்போது யாராவது கேட்டால், ஈறை அளக்காமல் சிகிச்சையை ஆரம்பிக்கிற இடத்தில் உட்காராதீர்கள் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.

காரணம் எளிது. பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லை. சுற்றிலும் கால் மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு நார்ப்படலம் அதைத் தாங்குகிறது. ஒரு பக்கமாக அழுத்தம் கொடுத்தால் அந்தப் பக்கத்து எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. அளவில் பல் ஊர்ந்து போவது இப்படித்தான். இது 12 வயதிலும் நடக்கும், 60 வயதிலும் நடக்கும். வளர்ந்தவர்களுக்குத் தாடை வளர்ச்சியை வளைத்துத் திருப்ப முடியாது என்பதைத் தவிர, வயது தடையே இல்லை. இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பதித்த செயற்கைப் பல், மட்டும் நகராது. அதைச் சுற்றி அந்த நார்ப்படலம் இல்லை, எலும்போடு எலும்பாக இறுகிவிடுகிறது. விழுந்த பல்லுக்கு இம்ப்ளான்ட்டும் வேண்டும், வரிசையும் சரியாக வேண்டும் என்பவர்கள் எதை முதலில் செய்வது என்று இரண்டு மருத்துவர்களையும் கலந்து பேச வைத்துவிடுவது நல்லது.

அலைனர் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றில் 26 தட்டுகள், கடைசித் திருத்தங்களுக்கு இன்னும் 9. ஒவ்வொன்றும் இரண்டு வாரம். ஒரு தட்டு ஒரு பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தள்ளும். இடம் போதாததால் முன்பற்களின் பக்கவாட்டில் எனாமலை மயிரிழை அளவுக்குத் தேய்த்தார்கள். வலி இல்லை, கூச்சம் மட்டும் இருந்தது. முதல் மூன்று நாள் 'ச' சரியாக வரவில்லை, நான்காம் நாள் நாக்கு பழகிக்கொண்டது.

உண்மையான கஷ்டம் 22 மணி நேரக் கணக்கு. சாப்பிடவும் பல் தேய்க்கவும் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டே மணி நேரம்தான் வெளியே இருக்கலாம். இரண்டாவது மாதம் வேலை நெருக்கடியில் 18 மணி நேரத்துக்கு இறங்கிவிட்டேன். ஐந்தாவது தட்டைப் போட்டபோது பக்கவாட்டுப் பல்லின் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒரு பிறை வடிவ இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. பல் பின்தங்கிவிட்டது. அந்தத் தட்டிலேயே கூடுதலாக ஒரு வாரம் இருந்து, மென்மையான உருளையைக் கடித்துக் கடித்துத் தட்டைப் பொருத்தி உட்கார வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. தன் மேல் தனக்குக் கண்டிப்பு உள்ளவர்களுக்கு அலைனர் மிக நல்ல சாதனம். கழற்றி வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு ஒட்டிய கிளிப்தான் சரி.

2020 ஜூலையில் முடிந்தது. அன்றுதான் ரிடெய்னர் வந்தது. கீழ்வரிசைக்கு உள்பக்கமாக ஒட்டிய மெல்லிய கம்பி, மேல்வரிசைக்குக் கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற தட்டு. இந்த முறை "ஒரு வருஷம்" என்று யாரும் சொல்லவில்லை. பல்லைத் திருப்பும்போது ஈறில் இருக்கும் நார்கள் ரப்பர் போல இழுபட்டு நிற்கின்றன. அவை புது இடத்துக்குப் பழக ஒரு வருடம் வரை ஆகும். அதற்குப் பிறகும் வயதாக ஆகக் கீழ் முன்பற்கள் நெருக்கிக்கொண்டுதான் வரும், சிகிச்சையே எடுக்காதவர்களுக்கும் அப்படித்தான். அதனால் ராத்திரி ரிடெய்னர் வாழ்நாளுக்கும் என்றார் மருத்துவர். 1991-இல் இந்த ஒரு வரியை யாராவது எனக்கு அழுத்திச் சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஐந்து வருடப் பயன்பாட்டில் மேல் தட்டு மூன்று முறை மாறியிருக்கிறது. முதலாவது 14 மாதத்தில் கடைவாய்ப் பக்கம் விரிசல் விட்டது. இரண்டாவதை நானே கெடுத்தேன். நன்றாகச் சுத்தமாகட்டும் என்று சுடுதண்ணீரில் காட்டினேன், கண்ணெதிரே சுருங்கி வளைந்துபோனது. இப்போது சாதாரணத் தண்ணீர், ஒரு துளி சோப்பு, மென்மையான பிரஷ், அவ்வளவுதான். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து, கீறலில் அழுக்கு படிந்து நாற ஆரம்பிக்கிறது. வாயிலிருந்து எடுத்தால் நேராகப் பெட்டிக்குள்தான் போக வேண்டும். காகிதக் கைக்குட்டையில் சுற்றி வைத்தால் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

ஒட்டிய கம்பியைப் பற்றி நான் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. அது விட்டுப்போனால் தெரிவதே இல்லை. மூன்றாவது வருடம் ஒரு பல்லில் மட்டும் பசை விட்டுவிட்டது. கம்பி மற்ற பற்களில் ஒட்டியிருந்ததால் அசையவில்லை, குத்தவில்லை. பல்லின் ஓரம் நாக்கில் புதிதாகத் தட்டுப்பட்டபோதுதான் சந்தேகம் வந்தது. அதற்குள் பல் திரும்பியிருந்தது. தற்காலிகமாக இரண்டு அலைனர் போட்டு அதை மீட்டோம். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை செல்பேசி விளக்கைப் பிடித்து, ஒவ்வொரு ஒட்டிலும் நகத்தால் தட்டிப் பார்க்கிறேன். இன்னொன்று, கீழ் முன்பற்களின் உள்பக்கம்தான் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் திறக்கிறது. அங்கே பற்காரை வேகமாகக் கட்டும், கம்பி இருந்தால் இன்னும் வேகமாக. விறைப்பான நுனியுள்ள நூலைக் கம்பிக்கு அடியில் நுழைத்துத் தினமும் இழுக்காவிட்டால் ஆறு மாதத்தில் மஞ்சள் வரப்பு தெரிகிறது.

மகள் விஷயத்தில் நான் முதலில் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். ஆறு வயதில் அவளுக்குக் கடைவாயில் ஒரு பல் வந்தது. எந்தப் பல்லும் விழாமல் வந்ததால் அதையும் பால் பல் என்றே நினைத்துவிட்டேன். அது நிரந்தரப் பல். பால் பற்களுக்குப் பின்னால் தனியாக முளைக்கிறது, வாழ்நாளுக்கும் அதே பல்தான். எட்டு வயதில் அதில் சொத்தை கண்டு அடைக்க வேண்டியதாயிற்று. மற்ற மூன்று கடைவாய்ப் பற்களின் பள்ளங்களிலும் பாதுகாப்புப் பூச்சு போட்டார்கள், இன்றுவரை அவற்றில் சொத்தை இல்லை. ஆறு வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் இன்றைக்கே வாயைத் திறந்து பின்னால் எண்ணிப் பாருங்கள். 7 வயதுக்குள் ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டச் சொல்கிறது அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம். உடனே கம்பி போட வேண்டும் என்பதற்காக அல்ல. மேல்தாடை குறுகலாக இருந்தால், அதன் இரண்டு பாதியும் நடுவில் சேரும் பொருத்து இறுகுவதற்கு முன்னால் விரிப்பது சுலபம். எங்களிடம் "காத்திருங்கள்" என்றுதான் சொன்னார்கள், 12 வயதுவரை காத்திருந்தோம்.

அவளுக்கு 2021-இல் பிராக்கெட் (பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடிக்கும் சின்னத் துண்டு) ஒட்டிக் கம்பி போட்டது. என் காலத்து ஸ்டீல் கம்பிக்கும் இப்போதைய நிக்கல்-டைட்டானியம் கம்பிக்கும் நல்ல வித்தியாசம் இருக்கிறது. எனக்கு ஒவ்வொரு முறை முறுக்கிய பிறகும் மூன்று நாள் எதையும் கடிக்க முடியாது. இந்தக் கம்பி வளைத்தாலும் பழைய வடிவத்தை நினைவில் வைத்து, மென்மையாக விடாமல் இழுக்கிறது. வாயின் சூட்டில் வேலை செய்யும் வகை என்றால், குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தால் கம்பி தளர்ந்து வலி மட்டுப்படும். மகளுக்கு முதல் வாரம் கைகொடுத்தது அதுவும், கன்னத்தில் உரசும் பிராக்கெட்டின்மேல் உருட்டி ஒட்டும் மெழுகும்தான்.

சுத்தம்தான் பெரிய போராட்டம். நான்காவது மாதம் அழுக்கைக் காட்டும் நிற மாத்திரை ஒன்றைக் கடிக்கச் சொன்னார்கள். இரண்டு நிமிடம் நன்றாகத் தேய்த்துவிட்டு வந்ததாகச் சொன்னவள், மாத்திரையைக் கடித்துத் துப்பிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒவ்வொரு பல்லிலும் ஊதா நிறத்தில் ஒரு கீற்று. "அம்மா, இவ்வளவுமா?" என்றாள். அதற்கப்புறம் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரஷைச் சாய்த்துப் பிராக்கெட்டுக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, கம்பிக்கு அடியில் குட்டி பிரஷ். பற்பசையைத் துப்புவாள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க மாட்டாள், ஃபுளோரைடு பல்லிலேயே தங்கட்டும் என்று. ஆனாலும் 2023-இல் கிளிப் கழற்றியபோது கோரைப்பற்கள் இரண்டிலும் வெள்ளைத் திட்டு இருந்தது, அந்த முதல் நான்கு மாதத்தின் அடையாளம். வாயில் அமிலம் கூடி, பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் எனாமலிலிருந்து தாது கரைகிறது. அழுக்கு ஒட்டியே இருந்தால் அந்த இடம் மீளுவதில்லை.

அப்பாவுக்கு 76 வயது. அவர் பிரச்சினை வேறு. ரத்த அழுத்த மாத்திரை உட்பட அவர் சாப்பிடும் சில மருந்துகள் வாயை உலர்த்துகின்றன. உமிழ்நீர் இல்லாத வாயில் அமிலத்தைக் கழுவ ஆளில்லை. ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதிக்கு எனாமல் கவசமும் கிடையாது. ஒரே வருடத்தில் மூன்று பற்களில் ஈறோரமாகச் சொத்தை. வழக்கமான பற்பசையில் 1,000 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு இருக்கும். அவருக்கு மருத்துவர் சீட்டில் 5,000 பிபிஎம் எழுதிக் கொடுத்தார். விரல் மூட்டு வலியால் பிரஷைப் பிடிக்க முடியாதவருக்குத் தடித்த கைப்பிடியுள்ள மின் பிரஷ் வாங்கினோம். அதன் பிறகு புதிதாகச் சொத்தை வரவில்லை.

பல்செட்டை ராத்திரி கழற்றச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "கழட்டிட்டா வாயே காலியா இருக்கும்மா" என்பார். அண்ணத்தில் சிவந்து புண்ணாகி, பூஞ்சைத் தொற்று என்று தெரிந்த பிறகு இறங்கி வந்தார். இப்போது ராத்திரி தண்ணீரில் போட்டுவிடுகிறார். கழுவும்போது தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பிக்கொள்வோம், கை தவறி விழுந்தாலும் உடையாது. பல்லில்லாத இடத்து எலும்பு தேயத் தேயப் பல்செட் தளரும். ஆடும் செட்டைப் பசை போட்டுச் சமாளிக்காமல், உள்பக்கம் மறுபூச்சு போட்டு வாங்குவது நல்லது.

மகளுக்கு இப்போது 16. ஒருநாள் ராத்திரி அலுப்பில் ரிடெய்னர் போடாமல் படுத்துவிட்டாள். "நாளைக்குப் போட்டுக்கிறேம்மா" என்றாள். என் கீழ்வரிசையின் பழைய அச்சை அலமாரியிலிருந்து எடுத்து வந்து காட்டினேன். பிளாஸ்டரில் வார்த்த, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய என் 40 வயதுப் பற்கள். விரலால் தடவிப் பார்த்தாள், எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். போன வாரம் கிளினிக்கில் கேட்டு அவளுடைய கடைசி ஸ்கேன் கோப்பை வாங்கி வைத்திருக்கிறேன். அவள் எங்கே இருந்தாலும், தட்டு உடைந்தால் அதை வைத்து மறுபடி ஒன்று செய்துகொள்ளலாம்.