உச்சிமாடியில் ஓர் அறுபதாம் பிறந்தநாள் விருந்து

கோலாலம்பூர் மாநகர மையத்தில், தங்கும் விடுதி ஒன்றின் உச்சிமாடியில் உள்ள உணவகத்தில் எங்கள் அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளைக் கொண்டாடினோம். காட்சி முதல்தரம், பணியாளர்கள் பண்பானவர்கள், சமையல் சுமார். மாலைப்பொழுதைக் கழிக்க அந்த இடத்தைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் விருந்துச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் 86ஆம் மாடிக்கு நுழைவுச்சீட்டு வாங்கி ஏறினால் நகரமெல்லாம் தெரியும். ஆனால் எந்தக் கோபுரத்தைப் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறோமோ அதன் முழு உருவம் மட்டும் தெரியாது, ஏனென்றால் நாம் அதற்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிறோம். புக்கிட் நானாஸ் குன்றின்மேல் நிற்கும் 421 மீட்டர் உயரக் கோலாலம்பூர் கோபுரம் அதன் சுழலும் உணவகத்தால் பெயர்பெற்றது என்றாலும், சுழலும் தளம் என்றதுமே அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திறந்த மொட்டைமாடிகளை நாங்களே தவிர்த்தோம். இந்நகரில் பிற்பகல் இடிமழை, குறிப்பாக ஏப்ரல், அக்டோபர் மாதங்களையொட்டி, வழக்கமானது. மின்னல் வெட்டினால் திறந்த மாடியில் உட்கார விடமாட்டார்கள். கண்ணாடிச் சுவர் உள்ள உணவகத்தைத் தேடியது அதனால்தான்.

இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் மறைவதால், ஆறே முக்காலுக்கு மேசை பதிவுசெய்வது நல்லது. நாங்கள் போய் உட்கார்ந்தபோது மழை விட்டிருந்தாலும் மேகம் கலையவில்லை. 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்களின் கூர்முனைகள் இரண்டும் மேகத்துக்குள் மறைந்திருந்தன. பிறகு மேகம் மெல்ல விலகி, 41, 42ஆம் மாடிகளை இணைக்கும் வான்பாலம் முதலில் துலங்கிற்று. அதன்பின் எஃகுப் போர்வை சாம்பல் நிறத்திலிருந்து வெளிர்மஞ்சளுக்கு மாறியது. விளக்குகள் எரிந்ததும் பேசிக்கொண்டிருந்த அம்மா பாதிப் பேச்சிலேயே நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டியதும் எங்கள் மேசை விளக்கின் பிம்பம் கண்ணாடியில் விழுந்து படங்களைக் கெடுத்தது. சொன்ன மாத்திரத்தில் பணியாளர் ஒருவர் விளக்கை அணைத்து, சிறிய மெழுகுவத்தி ஒன்றைத் தாழ்வாக வைத்துத் தந்தார். இதைக் கேட்டால்தான் செய்வார்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் அசைவம் தொடமாட்டார், மாட்டிறைச்சியை என்றைக்குமே தொடமாட்டார். இரண்டையும் பதிவின்போதே எழுத்தில் தெரிவித்து, ஒப்புதல் மின்னஞ்சலும் பெற்றிருந்தோம். ஆயினும் காளான் சூப் வந்ததும் அம்மா கரண்டியால் கிளறி, முகர்ந்து பார்த்து, "இது எந்தச் சாற்றில் வச்சதுன்னு கேளுப்பா" என்றார். பணியாளர் சமையலறைக்குப் போய் வந்து, மாட்டெலும்புச் சாறுதான் என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவருடைய நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் நாங்கள் கேட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ஹலால் உணவகம் என்பதால் பன்றி இறைச்சி இல்லை என்ற உறுதி கிடைக்கிறதே தவிர, மாட்டிறைச்சி இல்லை என்ற உறுதி கிடைப்பதில்லை. நம் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் "சைவம்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாமல், சூப், குழம்பு, வதக்கல் ஒவ்வொன்றும் எந்தச் சாற்றில், எந்தக் கொழுப்பில் செய்யப்படுகிறது என்று முன்கூட்டியே கேட்பது அவசியம். மாற்றாக வந்த தக்காளி சூப்பில் குறையில்லை. அடுத்து வந்த காளான் சோறு உப்புக் குறைந்து, குழைந்து போயிருந்தது. அண்ணன் சாப்பிட்ட மீன் மட்டும் நன்றாக இருந்ததாம்.

விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், ஒன்று பத்து விழுக்காட்டுச் சேவைக் கட்டணம், மற்றது சேவை வரி. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி எட்டு விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவுக்கு ஆறிலேயே நின்றது. அப்படியும் நூறு ரிங்கிட் சாப்பாட்டுக்கு 116 ரிங்கிட்டுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் விலையும் உயரத்தில்தான் இருக்கிறது.

அணிச்சலை (கேக்) வெளியிலிருந்து கொண்டுபோகலாம், ஆனால் வெட்டிப் பரிமாறுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. முட்டை சேர்க்காத அணிச்சலை, இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் சொல்லி வாங்கிப் போயிருந்தோம். கட்டணம் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. பணியாளர்கள் கைதட்டிப் பாட்டுப் பாடுவார்கள். கூச்சப்படும் அம்மாக்கள் உள்ளவர்கள் முன்னதாகவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எங்கள் அம்மா கூச்சப்பட்டார், பிறகு எல்லாருக்கும் அவரே அணிச்சல் எடுத்துக் கொடுத்தார்.

செலவில்லாமல் கிடைத்தது சலோமா பாலம். 2020இல் திறக்கப்பட்ட அந்த நடைபாலம் கிள்ளான் ஆற்றின் மேல் கம்போங் பாருவையும் அம்பாங் சாலைப் பக்கத்தையும் இணைக்கிறது. மலாய்த் திருமணங்களில் வைக்கும் வெற்றிலை அலங்காரத்தைப் போன்ற வடிவம். இரவில் நிறம் மாறும் விளக்குகள். நடுவில் நின்றால் இரட்டைக் கோபுரம் நேரெதிரே தெரிகிறது. பாடகி சலோமாவும் அவருடைய கணவரான நடிகர் பி. ரம்லியும் அடக்கம் செய்யப்பட்ட கல்லறைத் தோட்டம் பக்கத்திலேயே இருப்பதை, பிறந்தநாளும் அதுவுமாக அண்ணி எடுத்துச் சொன்னது அம்மாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பழைய மலாய்ப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடியே நடந்தார் என்பது வேறு கதை. மழைக்குப் பின் தரை வழுக்குகிறது. பெரியவர்களுக்கு நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். மழை நாளில் கிராப் வாடகைக் கார்க் கட்டணம் ஏறிவிடுவதால், கம்போங் பாரு எல்ஆர்டி (இலகு ரயில்) நிலையத்துக்கு நடந்துபோய் நள்ளிரவுக்கு முன்பே ரயில் ஏறிவிடுவது மலிவு.

அடுத்து அண்ணியின் பிறந்தநாள் வருகிறது. இந்த முறை சாப்பாட்டைப் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலையில் முடித்துக்கொண்டு, ஒன்பதரைக்குமேல் காப்பிக்கும் இனிப்புக்கும் மட்டும் அதே உச்சிமாடியில் சன்னலோர மேசை தருவார்களா என்று விசாரித்தேன். குறைந்தபட்சச் செலவு இவ்வளவு என்று ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள். முழு விருந்துக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகாது என்பதால் பதிவுசெய்துவிட்டேன். மேசை விளக்கை அணைக்கும்படியும் அப்போதே எழுதிக் கொடுத்தாயிற்று.