திருகோணமலையில் "இலவச வயிற்றுப் பரிசோதனை" என்று கூப்பிட்டால் போகாதீர்கள்

டவுனுக்குள் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, நெஞ்செரிவு, கேஸ்ட்ரிக் எல்லாவற்றுக்கும் இலவசப் பரிசோதனை என்று நோட்டீஸ் கொடுத்து ஒரு கூட்டம் வேலை பார்க்கிறது. அடுத்தது கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் போவதாகச் சொன்னார்களாம், அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

என் அம்மாவுக்குப் பல வருடமாய் நெஞ்செரிவு. புளித்த ஏப்பம், படுத்தால் தொண்டைவரை ஏறும் எரிச்சல், விடியப்புறம் வறட்டு இருமல். கிளினிக்கில் கொடுத்த, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் குளிசையோடு சமாளித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டு அந்த மண்டபத்துக்குப் போனபோது, கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி, வயரைக் கணினியில் கொழுவி, கொஞ்ச நேரத்தில் ஒரு கடதாசி அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இரைப்பை புண், ஈரல் பலவீனம், இப்படியே விட்டால் புற்றுநோய். பயந்துபோன மனுசியிடம், "அம்மா, இந்த இங்கிலீஷ் குளிசையை இன்றைக்கே நிப்பாட்டுங்கோ, அதுதான் உங்கட வயித்தை அழிக்குது" என்று சொல்லி மூன்று மாதத்துக்கான தூளை 18,500 ரூபாய்க்குத் தலையில் கட்டிவிட்டார்கள். டப்பாவில் என்ன சேர்ந்தது, யார் செய்தது, பதிவு இலக்கம் எதுவும் இல்லை. பில்லும் இல்லை.

தூளைக் குடித்ததும் பெரிய ஏப்பம் வரும், எரிவு அடங்கும், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பிடிக்கும். எனக்குச் சந்தேகம் வந்து ஒரு கரண்டித் தூளில் தேசிக்காய்ப் புளி விட்டேன், அப்பச்சோடா போலவே நுரைத்துப் பொங்கியது. சோடா வயிற்று அமிலத்தைக் கொஞ்ச நேரம் சமப்படுத்தும், அவ்வளவுதான். அதில் சோடியம் நிறைய, அம்மாவுக்கோ பிரஷர். கிளினிக்கில் அளந்தபோது அதுவும் ஏறியிருந்தது. இரவில் நித்திரை இல்லாமல் அவர் எழும்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

டொக்டர் சொன்னது இது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் தளர்ந்தால் அமிலம் மேலே வரும். நீண்டநாள் எடுத்த ஓமெப்ரசோலைத் திடீரென விட்டால் சில வாரங்களுக்கு வயிறு முன்பைவிடக் கூடுதலாய் அமிலம் சுரக்கக்கூடும், ஆகவே நிறுத்துவதோ குறைப்பதோ டொக்டரோடு பேசித்தான். உள்ளங்கையில் கம்பி வைத்து இரைப்பைப் புண்ணைப் பார்க்க முடியாது, அதற்கு வாய் வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி இருக்கிறது. விழுங்கக் கஷ்டம், கறுப்பாய் மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் மெலிவது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சு இறுகி வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் "வாய்வு" என்று வீட்டில் இருக்காமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

பலர் ஓமெப்ரசோலைச் சாப்பிட்ட பிறகு போடுகிறார்கள், அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால்தான் சரியாக வேலை செய்யும். மூட்டு வலிக்கென்று பாமசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபெனாக் வயிற்றை இன்னும் கெடுக்கும். அம்மாவுக்கு உண்மையில் உதவியது காசு செலவில்லாத விஷயங்கள்: இரவுச் சாப்பாட்டை முன்னுக்குத் தள்ளி, படுக்க மூன்று மணி நேரம் இடைவெளி விட்டது, இடப்பக்கம் சரிந்து படுத்தது, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து அரை அடி உயர்த்தியது. தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடிந்து அழுத்தும், அது சரிவராது.

காசைத் திருப்பிக் கேட்டபோது முதலில் "உடம்பு சுத்தமாகுது, அதுதான் எரியுது" என்றார்கள், அப்புறம் நம்பரை பிளொக் பண்ணிவிட்டார்கள். மண்டபக்காரருக்கும் அவர்களைத் தெரியாதாம். நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு முறைப்பாடு சொல்லப் போகிறேன். நீங்களும் வாங்கியிருந்தால் தூளைக் குடிப்பதை நிறுத்துங்கள், ஆனால் டப்பாவையும் அந்தக் கடதாசியையும் எறியாதீர்கள், பில் இல்லாத இடத்தில் எங்களிடம் இருக்கும் சாட்சி அது மட்டும்தான்.