மண்ணில் இறக்கிக் கற்பிக்கும் பண்ணை

திண்டுக்கல் அருகே நடக்கும் இந்தத் தங்கிப் பயிலும் இயற்கை வேளாண் முகாமில், வகுப்பறை என்பது வேப்பமர நிழலும் மேட்டுப்பாத்தியும்தான். இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் ஊர் ஊராகப் பரப்பிய, மண்ணை வளப்படுத்தும் அமிர்தக்கரைசலை, ஒரு கிலோ பசுஞ்சாணம், ஒரு லிட்டர் கோமியம், ஒரு கைப்பிடி வெல்லம், 10 லிட்டர் தண்ணீர் என அளந்து நம்மையே கலக்க வைத்து, 24 மணி நேரம் கழித்துப் பத்து மடங்கு நீர் சேர்த்துப் பாத்திகளுக்கு ஊற்றச் சொல்கிறார்கள். சுற்றிலும் மண் வெடித்துக் கிடக்கும் வெயிலிலும், பாத்தியைப் போர்த்தியிருக்கும் இலைதழை மூடாக்கை விலக்கினால் அடியில் விரலில் ஒட்டும் ஈரம் இருக்கிறது. காலையில் கம்பங்கூழும் மோர்மிளகாயும் அருமை. விளைந்ததை விற்பதற்கும் வரவு செலவு பார்ப்பதற்கும் ஒரு மாலை மட்டுமே ஒதுக்கியிருப்பது பெருங்குறை. கடன் வாங்கிப் பயிரிடும் சிறு விவசாயிக்கு அதுதானே முதல் பாடம்? கழிப்பறைகளும் போதவில்லை. இருப்பினும், மாடித்தோட்டத்தைத் தாண்டி அரை ஏக்கரில் இறங்க நினைப்பவர்கள், குத்தகைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இங்கே தங்கிப் பார்ப்பது நல்லது.