ஒரே நாளில் நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா, நிகோட்டின் சூயிங்கமா?

சிகரெட்டையோ பீடியையோ விட நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் யோசிக்கிறார்கள். முதல் வாரத்தில் உடல் எப்படித் தேறுகிறது என்று பார்த்தால், மூன்றும் சமமல்ல.

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் ஆக்சிஜனுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. புகை நின்ற ஓரிரு நாட்களில் அது வெளியேறிவிடும். அடியோடு நிறுத்தியவருக்கும் சூயிங்கம் மெல்பவருக்கும் இது ஒன்றுபோலவே நடக்கும். சூயிங்கத்தில் நிகோட்டின் உண்டு, புகை இல்லை. குறைத்துக்கொண்டு வருபவருக்கோ ஒவ்வொரு சிகரெட்டும் அந்த வாயுவை மறுபடி ஏற்றிவிடுகிறது. எண்ணிக்கை குறையும்போது பலர் தம்மையறியாமல் ஆழமாக இழுக்கவும் செய்கிறார்கள்.

மூளையின் கணக்கு வேறு. இரத்தத்தில் நிகோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். எதன் துணையுமின்றி நிறுத்தியவருக்கு எரிச்சலும் தூக்கமின்மையும் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொடும். பலர் திரும்பவும் பற்றவைப்பது அப்போதுதான். அவர்களைப் பார்த்து 'மன உறுதி இல்லை' என்று வீட்டார் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. நிகோட்டினுக்குப் பழகிய மூளை அதைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 697 பேர் பங்கேற்றார்கள். குறித்த நாளில் சட்டென்று நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் கழித்தும் புகைக்கவில்லை; இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம் பேர். இரு தரப்பினருக்கும் நிகோட்டின் மாற்று மருந்தும் ஆலோசனையும் கிடைத்தன. ஆகவே என் தேர்வு: ஒரு நாளைக் குறித்து முழுதாக நிறுத்துங்கள், தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்சையும், ஏக்கம் எழும்போது சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். இரண்டும் சேரும்போது பலன் கூடுகிறது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

சூயிங்கத்தை மிட்டாய்போல் விடாமல் மெல்லக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, அது அடங்கியபின் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, பழச்சாறு வேண்டாம். வாயில் நிகோட்டின் உறிஞ்சப்படுவதை அவை தடுக்கும்.

காபியில் இன்னொரு சங்கதியும் உண்டு. புகையிலுள்ள தார், கல்லீரல் காஃபீனைக் கரைக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே காபி இரு மடங்காக வேலை செய்யும். எந்த வழியில் நிறுத்தினாலும் இது நேரும். படபடப்பில் ஒரு பங்கு இதனாலேயே. முதல் நாளிலிருந்தே காபியைப் பாதியாக்கிவிடுங்கள். தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் அரசின் ஆலோசகர்கள் பேசுவார்கள்.