கைப்பிடி முனையில் அவிழ்ந்த பிரம்பு

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை அம்மா பிரம்பு நாற்காலியிலிருந்து எழுந்தபோது, இடது கைப்பிடியின் முனையில் சுற்றியிருந்த பட்டை சட்டென்று விடுபட்டு, முழங்கைக்குக் கீழே மூன்று அங்குலத்துக்குக் கீறிவிட்டது. அம்மாவுக்கு 81 வயது. தோல் வெங்காயச் சருகுபோல ஆகிவிட்டது. ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தபடி அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். மாமனார் வீட்டுக் கொல்லையில் பழைய பிரம்பு சோபா செட் ஒன்று வெயிலிலும் மழையிலும் கிடக்கிறதாம். "நீ சரிசெய்து வைத்திருக்கிறாயே, நானும் செய்யலாமா?" என்று கேட்டாள். இருந்த கோபத்தில், "விறகுக்குப் போடு" என்று சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் செட் 1986-இல் அப்பா தைக்காலில் வாங்கியது. சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகிறவர்கள் கொள்ளிடம் ஆற்றைத் தாண்டியதும் பார்த்திருப்பீர்கள். சாலையோரக் கடைகளில் ஊஞ்சலும் கூடையும் நாற்காலியுமாகத் தொங்கும் ஊர். இரண்டு நாற்காலி, இருவர் உட்காரும் சோபா, ஒரு டீப்பாய். கூடத்துக்குப் புது சோபா வந்ததும் நான்கும் மாடிக் கொட்டகைக்குப் போயின. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் கொட்டகைத் தகரம் பறந்தது. அதன்பின் எட்டரை ஆண்டுகள் அவற்றுக்கு வானமே கூரை. 2020 ஊரடங்கில்தான் மறுபடி அவற்றைத் திரும்பிப் பார்த்தேன். தேன்நிறத்தில் இருந்த பிரம்பு சாம்பல் பூத்துக் கிடந்தது. இருக்கைப் பின்னலில் விரல் வைத்தால் அப்பளம்போல முறிந்தது.

சோபாவும் டீப்பாயும் தேறவில்லை. நாற்காலிகள் தேறின. பிரம்பு மூங்கில் இல்லை. மரங்களைப் பற்றிக் கொடிபோல ஏறும் பனைக் குடும்பத்துத் தாவரம். உள்ளே பொள்ளல் கிடையாது. அதனால் மேலே பின்னிய பட்டை நைந்துபோனாலும் சட்டம் பிழைத்துக்கொள்ளும். சட்டத்தின் வளைவுகளில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். நகம் இறங்காத இடம் நல்ல இடம். கால்களின் அடியில் மட்டும் இறங்கியது. நான்கு கால்களிலும் ஓர் அங்குலம் அறுத்துவிட்டு ரப்பர் புஷ் மாட்டியதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. ஐந்து ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை.

சுத்தம் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பிறகு நிழலில் இரண்டு நாள் காற்றாட வைப்பது. வெயிலில் காயவைத்தால் விண்டுபோகும்.

ஆனால் பிரம்பைத் துளைத்து மாவாக்கும் உளுப்பூச்சி விஷயத்தில் அவசரப்படக் கூடாது. பின்பக்கச் சட்டத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஏழெட்டு ஓட்டைகள் இருந்தன. தட்டினால் மாவு கொட்டியது. ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் போரிக் பவுடரைக் கரைத்து, ஊசி போடும் சிரிஞ்சால் ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும் செலுத்தினேன். சட்டம் முழுக்கப் பிரஷ்ஷால் இரண்டு முறை பூசினேன். இதை பாலிஷ் போடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பாலிஷ் ஏறிய பிரம்பு மருந்தை உள்ளே விடாது. ஒரு மாதம் கழித்து நாற்காலிக்கு அடியில் கறுப்புத் துணி விரித்து வைத்தேன். மாவு விழவில்லை. அதன் பிறகே பின்னுகிறவரை அழைத்தேன்.

அவர் தைக்கால்காரர். என் அப்பாவிடம் நாற்காலி விற்ற கடையில் சிறுவனாக இருந்தபோது எடுபிடி வேலை பார்த்தவராம். பிரம்பு அசாமிலிருந்தும் அந்தமானிலிருந்தும் வருகிறது, விலை ஏறிக்கொண்டே போகிறது என்று வருத்தப்பட்டார். உலகத்துக்கே பிரம்பு கொடுத்துக்கொண்டிருந்த இந்தோனேசியா 2012 தொடக்கத்திலிருந்து கச்சாப் பிரம்பு ஏற்றுமதியை நிறுத்தியதை நான் படித்திருந்தேன். அவருக்கு அது செய்தி இல்லை, கைக்காசு.

இருக்கை பின்னியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பட்டையை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, ஈரத்தோடு எடுத்துச் சட்டத்தின் ஓட்டைகளில் கோத்தார். நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, பிறகு மூலைக்கு மூலை இரண்டு என ஆறு இழை. ஐந்தாவது இழை வரும்வரை அது வெறும் வலை. ஆறாவது இழை ஓடத் தொடங்கியதும் எண்கோணக் கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்தச் சாய்ந்த இழை எதன் மேலே, எதன் கீழே போக வேண்டும் என்பதை அவர் கண்ணால் பார்க்கவில்லை. இடது கைச் சுட்டுவிரலால் தடவித்தான் கண்டுபிடித்தார். பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னுவதை ஏன் தொழிலாகக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது. ஒரு நாற்காலிக்கு ஒன்றரை நாள். பொருளும் கூலியும் சேர்த்து 1,800 ரூபாய்.

இந்த இருக்கையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. சித்திரை வெயிலில் மின்சாரம் போய்விட்டால் வீட்டில் உட்காரத் தகுந்த ஒரே இடம் அதுதான். முதுகும் தொடையும் வேர்ப்பதில்லை. அந்தக் கண்களின் வழியே காற்று வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டில் பிரம்பு மாதிரியே இருக்கும் பிளாஸ்டிக் செட் ஒன்று வாங்கினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மதியம் அதில் உட்கார்ந்து எழுந்தால் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இன்னொரு வரமும் இருக்கிறது. அதுவும் அந்தப் பின்னல்காரர் சொன்னதுதான். ஓராண்டு உட்கார்ந்த பின் இருக்கை நடுவில் தொய்ந்து பள்ளமானது. பணம் போய்விட்டது என்று மனம் நொந்து அவரை அழைத்தேன். "கவிழ்த்துப் போடுங்கள். அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு வையுங்கள். ராத்திரி முழுக்கக் காயட்டும், யாரும் உட்கார வேண்டாம்" என்றார். அப்படியே செய்தேன். காலையில் விரலால் சுண்டினால் உடுக்கைபோல ஒலித்தது. பட்டையின் மேல்பக்கம் வழவழப்பான தோல், தண்ணீரை உள்ளே விடாது. அடிப்பக்கம் சீவிய பக்கம், குடிக்கும். நனைந்து ஊறிக் காயும்போது சுருங்கி இழுத்துக்கொள்கிறது. இதுவரை நான்கு முறை செய்துவிட்டேன். நான்கு முறையும் புதிதாகப் பின்னியதுபோல விறைத்து நின்றது. தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும் வேறெந்த இருக்கையும் எனக்குத் தெரியாது.

இனி அந்தக் கைப்பிடி.

பழைய கைப்பிடியில் சட்டத்தைச் சுற்றிப் பட்டை நெருக்கமாக ஓடியிருந்தது. முனையில் ஆணியே இல்லை. கடைசி ஐந்து சுற்றை லூசாக விட்டு, பட்டையின் நுனியை அவற்றுக்கு அடியில் திருப்பிக் கொடுத்து, பிறகு ஒவ்வொரு சுற்றாக இறுக்கி, வெளியே நீட்டிய மிச்சத்தை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். புயலும் வெயிலும் இருக்கையைத் தின்ற பிறகும் வலது கைப்பிடியின் பின்முனை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் இந்த முறை எனக்குத் தெரியும்.

புதிதாகச் சுற்றியபோது அப்படிச் செய்யவில்லை. முன்முனையில் பசை தடவி, ஒரு சிறிய ஆணி அடித்து முடித்தார் பின்னல்காரர். கடற்கரையிலிருந்து எங்கள் வீடு வெகுதூரம் இல்லை, உப்புக்காற்று வரும். எட்டே மாதத்தில் ஆணித்தலை துருப்பிடித்து உதிர்ந்தது. சுற்றி வளைத்த பட்டைக்கு நிமிர்ந்துவிட வேண்டும் என்ற முறுக்கு எப்போதும் உண்டு. பிடி விட்டதும் நிமிர்கிறது. பிரம்புத் தோலில் மணலின் சத்தான சிலிக்கா இருப்பதால் நறுக்கிய நுனி பிளேடுபோல இருக்கிறது.

முதல் முறை என் பேத்தியின் பாவாடையைக் கிழித்தது. வெள்ளைப் பசை போட்டுத் துணி சுற்றிக் கட்டி வைத்தேன். ஐப்பசி மழையில் பசை இளகிவிட்டது. இரண்டாவது முறை துருப்பிடிக்காத செம்பு ஆணி தேடி வாங்கினேன். பிரம்பின் நார் நெடுக ஓடுவதால் ஆணி இறங்கிய இடத்திலிருந்து கைப்பிடியே இரண்டங்குலம் விண்டது. மூன்றாவது முறை நானே பட்டையை ஊறவைத்து, பழைய முனையைப் பார்த்துப் பார்த்து, வலது கைப்பிடியில் ஐந்து சுற்று உள்கொடுத்து இறுக்கினேன். பதினான்கு மாதம் ஆகிறது, அசையவில்லை. இடது கைப்பிடியை அடுத்த வாரம் செய்கிறேன் என்று விட்டேன். அந்த வாரம் வராமலே செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கைப்பிடி முழுவதையும் பிரித்துச் சுற்றினால்தான் நுனியைச் சரியாக உள்ளே கொடுக்க முடியும், ஒவ்வொன்றுக்கும் அரை நாள் ஆகும், 450 ரூபாய் ஆகும் என்று பின்னல்காரர் முதலிலேயே சொன்னார். முன்பக்கம் மட்டும் போதும் என்று சொன்னது நான். ஆனாலும் கோபம் அவர்மீதும் இருக்கிறது. ஆணி நிற்காது என்பது நாற்பது ஆண்டு இந்தத் தொழில் செய்தவருக்குத் தெரியாதா? வயதானவர் கை வைக்கிற இடம் என்று பார்த்துக்கொண்டுதானே அடித்தார்? இருக்கையில் அத்தனை பொறுமையாக ஆறு இழை ஓட்டிய கை, ஆறு அங்குலத்தில் ஏன் சலித்துக்கொண்டது?

தோழிக்கு என் பதில் மாறவில்லை: வேண்டாம். வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். இருக்கை எவ்வளவு சுகமாக இருந்தாலும் கை வைக்கிற இடத்தில் பயம் இருந்தால் அது நாற்காலி இல்லை. மீறிச் செய்வதாக இருந்தால், பின்னுகிறவரிடம் முதல் கேள்வியாக முனையை எப்படி முடிப்பீர்கள் என்று கேட்கட்டும். ஆணி என்ற சொல் வாயில் வந்தால் அனுப்பிவிடட்டும்.

புதன்கிழமை அம்மாவுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வந்து போட்டேன். அதில் அரை நாள் கூட உட்காரவில்லை. வழுக்குகிறது, சுடுகிறது என்றார். இடது கைப்பிடியில் பழைய நூல்புடவைக் கிழிசலைச் சுற்றி முடிச்சுப் போடச் சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட கையோடு மறுபடி பிரம்பு நாற்காலியிலேயே உட்கார்ந்து இன்று காலை முல்லைப்பூ தொடுத்தார். தைக்காலுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இரண்டு நாற்காலி, நான்கு கைப்பிடி, முழுவதும் பிரித்து, உள்கொடுத்து முடிக்க வேண்டும். கூலியைப் பற்றி இந்த முறை நான் எதுவும் பேசவில்லை.