இராமேசுவரத்துச் சாப்பாடும் கீழக்கரைத் துதலும்: கரையோரக் கடைகள் ஓர் ஒப்பீடு

நான் இராமநாதபுரத்தில் குடியிருப்பதால், தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் இராமேசுவரம் வருகிற உறவினர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: "எங்கே சாப்பிடுவது?" தங்கும் இடத்தையும் ரயிலையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், சோற்றுக்கு மட்டும் உள்ளூர்க்காரன் சொல்லை எதிர்பார்க்கிறார்கள். ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. இந்தக் கரையில் ஒரே கடை தையில் நன்றாகவும் வைகாசியில் சுமாராகவும் இருக்கும். காலையில் அருமையாக இருந்த இடம் மதியம் மூன்று மணிக்கு ஏமாற்றிவிடும். ஆகவே நான் கடைகளை ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது, அந்த அடுப்பு யாருக்காக எரிகிறது என்பதையே. வாழ்நாளில் ஒருமுறை வந்து போகிறவருக்காகவா, நாளைக்கும் அதே பெஞ்சில் வந்து உட்காரப் போகிறவருக்காகவா?

கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் இருப்பவை பெரும்பாலும் சைவக் கடைகள். அக்னி தீர்த்தத்தில் முழுகி, உள்ளே இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடி, ஈரத்துணி மாற்றிக்கொண்டு வெளியே வருகிறவருக்கு வேண்டியது சூடான இட்லியும் பொங்கலும் ஒரு குவளைக் காப்பியும். இந்த வேளையில் அந்தத் தெருக் கடைகளை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். விடியற்காலை முதல் கூட்டம் ஓயாமல் வருவதால் இட்லித் தட்டு இறங்குவதும் இலைக்குப் போவதும் ஒரே மூச்சில் நடக்கின்றன; எதுவும் ஆறிக் கிடக்க வழியில்லை. வட நாட்டு யாத்திரிகர்களுக்கென்று ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி பரிமாறும் போஜனாலயங்களும் அதே தெருக்களில் உண்டு. காரம் தாங்காத குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அவை நல்ல மாற்று.

மதியச் சாப்பாட்டில்தான் நிலைமை மாறுகிறது. அமாவாசை நாள்களில் சமையலறை தன் சக்திக்கு மீறி ஓடுகிறது. சாம்பார் நீர்த்துப்போகிறது, கூட்டும் பொரியலும் பெயரளவுக்கு இலையில் விழுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி அமாவாசையன்று என் சித்தி குடும்பத்தை அத்தெருவில் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். முழுச் சாப்பாடு என்று சீட்டு வாங்கிய எங்களுக்கு இரண்டாம் முறை சோறு கேட்டபோது அளவுச் சாப்பாடு என்று விளக்கம் கிடைத்தது. வயதான என் சித்தி மறுபேச்சின்றி எழுந்துவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதிலிருந்து, விசேஷ நாளில் வருகிறவர்களைக் காலை உணவு முடிந்ததும் தீவை விட்டுப் புறப்பட்டு, பாம்பன் பாலத்தைத் தாண்டி, மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ இராமநாதபுரத்திலோ மதியம் உண்ணச் சொல்கிறேன். பாலத்துக்கு இப்பால் உள்ள கடைகளுக்கு அலுவலக ஊழியர்களும் லாரி ஓட்டுநர்களும் சந்தை வியாபாரிகளும்தான் தினசரி வாடிக்கை. அவர்களை ஒருநாள் ஏமாற்றினால் மறுநாள் வரமாட்டார்கள் என்பது அடுப்படியில் நிற்பவருக்குத் தெரியும்.

இனி மீன் சாப்பாடு. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பகுதிகளில் வீட்டு முன்பகுதியையே கடையாக்கி நடத்தப்படும் சிறிய மெஸ்களையும், தனுஷ்கோடி சாலையோரக் குடிசைகளில் கண்ணெதிரே பொரித்துத் தரும் கடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குடிசைக் கடைகளின் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. 1964 புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டுக் கடற்காற்றில் நின்று, மசாலா தடவிய பாறை மீனையோ கணவாயையோ தின்பதில் ஓர் இன்பம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே வருகிறவர் அநேகமாக எல்லோரும் ஒருமுறை வந்து போகிறவர்கள். மீனின் விலை அதன் அளவைப் பொறுத்தது என்பதால், சட்டியில் போடும் முன்பே துண்டையும் விலையையும் பேசி முடித்துவிட வேண்டும். எண்ணெயையும் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கறுத்துக் கெட்டியாகி, பொரிக்கும்போது நுரை அடங்காமல் நிற்கும். பொரித்த எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்களுக்கு 25 விழுக்காடு என்ற உச்சவரம்பு 2018 சூலை முதல் சட்டப்படி இருக்கிறது. அளந்து பார்க்கும் கருவி நம் கையில் இல்லாவிட்டாலும் கண்ணும் மூக்கும் போதும். காலையில் முதல் ஈட்டுக்கு நின்றால் சாப்பிடலாம். மாலையில் வெறுமனே கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

மெஸ்ஸில் பொரித்த மீனைவிடக் குழம்புதான் முக்கியம். புளியோடு, இந்த மாவட்டத்துக்கே உரிய, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயை அரைத்து வைக்கும் குழம்புக்கு ஆழ்ந்த நிறமும், நாக்கைச் சுடாமல் தொண்டையில் மெதுவாக ஏறும் உறைப்பும் உண்டு. நகரை, விளைமீன், காரல், சூடை என்று அன்றைக்கு வந்த மீனே அன்றைய குழம்பு. "இன்றைக்கு என்ன மீன்?" என்று கேட்டால் ஒரே பெயரைச் சொல்கிற கடையை நான் நம்புவேன்; கேட்ட மீனெல்லாம் இருக்கிறது என்கிற கடையில் பனிக்கட்டிப் பெட்டி பெரிதாக இருக்கும் என்று கொள்ளலாம். நேற்று வைத்த குழம்பு என்று யாராவது உண்மையைச் சொன்னால் தயங்க வேண்டாம்; மண்சட்டியில் ஓரிரவு ஊறிய மீன் குழம்பின் ருசியை இக்கரை வீடுகளில் வளர்ந்த எவரும் அறிவர்.

மீனுக்கு நாள்காட்டியும் வேண்டும். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பது கிழக்குக் கடற்கரை முழுமைக்குமான தடை. அந்த நாள்களில் நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரம் பிடித்து வரும் சிறு மீன்களே உண்மையான புது மீன். பெரிய துண்டுகள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து பனிக்கட்டியில் வந்தவை. தடை இல்லாத மாதங்களிலும் இராமேசுவரத்து விசைப்படகுகள் அன்றாடம் போவதில்லை, வாரத்தில் மூன்று நாள் முறை வைத்துத்தான் போகின்றன; படகு கரை திரும்பிய அன்று மதியம் உண்பதற்கு ஈடு இல்லை. பள்ளி விடுமுறையில் மே மாதம் வந்து, பெரிய மீன் துண்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களிடம், அந்த மாதத்தில் சைவச் சாப்பாடே மேல் என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால் மனத்தாங்கல் வருகிறது. ஆனால் உண்மை அதுதான்.

ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் போனால் கணக்கு வேறு. அங்கே மாலையில் பரோட்டாவும் சால்னாவும், வெள்ளிக்கிழமை மதியம் நெய்ச்சோறும் தால்ச்சா என்கிற பருப்புக் குழம்பும் ஆணம் என்று அங்கே சொல்கிற இறைச்சிக் குழம்பும் நன்றாக இருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் போக வேண்டாம். அந்தி சாய்ந்ததும் போகலாம்.

நான் நீண்ட நேரம் பேச விரும்புவது இனிப்பைப் பற்றி. வந்தவர்கள் ஊருக்குத் திரும்பும்போது பேருந்து நிலையத்து இனிப்பகத்தில் அல்வாவும் லட்டும் மைசூர்பாகும் வாங்கிப் போகிறார்கள். நகரத்து இனிப்பகங்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சுத்தமான கண்ணாடிப் பெட்டியும் சரியான எடையும் ரசீதும் அங்கே கிடைக்கின்றன. உதிரி இனிப்புகளின் தட்டில், எந்த நாளுக்குள் உண்பது நலம் என்று எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சீட்டு இருக்கும் தட்டிலிருந்தே வாங்குங்கள். நெய்யில் செய்ததா வனஸ்பதியில் செய்ததா என்று ஐயம் வந்தால் ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். நெய் கரைந்து போகும், வனஸ்பதி அண்ணத்தில் மெழுகு போலப் படிந்துவிடும். ஆனால் நெய் இனிப்புக்கும் கடற்கரைக்கும் அவ்வளவு பொருத்தமில்லை. ஈரக்காற்றில் மைசூர்பாகு இளகுகிறது, முறுக்கு நமத்துப்போகிறது, பால் இனிப்பு இரண்டாம் நாளே புளிப்பு வாடை காட்டுகிறது. தவிரவும், அந்த அல்வாவும் லட்டும் உங்கள் ஊரிலேயே கிடைக்கும்.

கீழக்கரைத் துதல் அப்படியல்ல. தொதல் என்றும் சொல்கிறார்கள். இலங்கையிலும் இதே பெயர், மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தோதோல். கடல் வணிகத்தில் ஊறிய ஊரில் இந்தப் பெயர் வழங்குவதில் வியப்பில்லை. தேங்காய்ப்பாலையும் அரிசி மாவையும் கருப்பட்டியையும் பெரிய உருளியில் ஏற்றி, விறகு அடுப்பில் மணிக்கணக்காகக் கை ஓயாமல் கிண்ட வேண்டும். நெய்யோ எண்ணெயோ தனியாக ஊற்றுவதில்லை. தேங்காய்ப்பால் வற்றி, தன் எண்ணெயைத் தானே கக்கி, மாவு உருளியின் ஓரத்தை விட்டு உருண்டு வரும் பதத்தில் இறக்குகிறார்கள். நீர் வற்றி இனிப்பு செறிந்துவிடுவதால் அது பல நாள் கெடாது. கடல்தாண்டிப் போன பிள்ளைகளுக்கு அம்மாமார் கட்டிக் கொடுத்தனுப்பியதற்கும் அதுவே காரணம். உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்துத் தென்னந்தோப்புகளும் சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடுகளும் இந்த ஒரு துண்டில் சேர்ந்து இருக்கின்றன என்பதற்காகவே எனக்கு இதன்மேல் தனிப்பற்று.

துதலிலும் தரம் பார்க்க வேண்டும். சீனியில் செய்ததும் உண்டு, கருப்பட்டியும் சீனியும் கலந்ததும் உண்டு. கருப்பட்டித் துதலில் மெல்லிய புகை வாசமும் முடிவில் ஒரு சிறு துவர்ப்பும் இருக்கும். சீனித் துதலில் இனிப்பு மட்டுமே முன்னால் நிற்கும். கருப்பட்டியிலேயே சீனி கலக்கும் கெட்ட வழக்கம் இருப்பதால், இது எந்த ஊர்க் கருப்பட்டி, எப்போது காய்ச்சியது என்று கடைக்காரரிடம் கேட்பதில் தவறில்லை. நேர்மையானவர் மகிழ்ந்து பதில் சொல்வார். பதநீர் இறங்கும் பருவத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் வாங்கினால் புதுக் கருப்பட்டியில் கிண்டியது கிடைக்கும். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டலப்பமும் அந்த ஊரின் பெருமைதான், ஆனால் அது பயணத்துக்கு ஆகாது. கிடைத்த இடத்திலேயே உண்டுவிட வேண்டும்.

ஆக, இனிப்பில் என் தேர்வு ஐயமின்றித் துதல். வீட்டில் கிண்டி விற்கும் பெண்களிடம் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி வைத்தால் புதிதாகக் கிண்டித் தருவார்கள். நேரே கடைக்குப் போனால் பலகையில் இருப்பதைத்தான் வெட்டித் தருவார்கள். சூடு முழுவதும் ஆறிய பிறகே கட்டச் சொல்லுங்கள், இல்லையேல் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். எண்ணெய் கசியும் என்பதால் துணிப்பெட்டியில் புடவைகளோடு வைக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்க் குளிர்பெட்டியில் வைத்து இறுகிப்போனால், வெட்டும் முன் அரைமணி நேரம் வெளியே எடுத்து வையுங்கள்; பழைய பதத்துக்கு இளகி வரும்.